ஹோண்டா சிட்டி விடெக்கிற்கு ஆயில் ஃபில்டர் தேர்ந்தெடுத்த கதை: அறுத்துப் பார்த்து, அளந்து பார்த்து

இப்போதெல்லாம் காலையில் வண்டியைக் கிளப்பினால், சிவப்பு ஆயில் விளக்கு ஒரு நொடியில் அணைந்துவிடுகிறது. ஐந்து மாதங்களுக்கு முன்பு அதே விளக்கு மூன்று நொடிக்கு மேல் எரியும். அவ்வளவு நேரமும், தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து வரும். ஒரு ஆயில் ஃபில்டரைச் சரியாகத் தேர்ந்தெடுக்க எனக்கு ஐந்து மாதங்கள் பிடித்தன. வழியில் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன், இதே வண்டியை வைத்திருக்கும் ஒருவருக்கேனும் பயன்படும் என்பதால்.

வண்டி 2001ஆம் ஆண்டின் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். 1493 சிசி, 106 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் இது பெரிய எண் அல்ல. ஆனால் எடை குறைந்த உடலில் அந்த இன்ஜின் மேலே ஏறும் வேகத்துக்காகவே கோயம்புத்தூரில் இந்த வண்டியை இன்னமும் பொத்திப் பாதுகாக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் வாரநாட்களில் இதில் அலுவலகம் போகிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுகிறேன். இந்த இன்ஜினில் ஆயிலுக்கு இரட்டை வேலை. பேரிங்குகளைக் காப்பதோடு, வேகம் ஏறும்போது, வால்வுகளைத் தள்ளும் ராக்கர்களுக்குள் இருக்கும் சிறு பின்களைத் தள்ளி விடெக்கை, அதாவது வால்வுகள் திறக்கும் அளவை மாற்றும் அமைப்பை, இயங்க வைப்பதும் ஆயில் அழுத்தம்தான். ஆகவே ஃபில்டரில் செய்யும் சிக்கனம் இரண்டு இடங்களில் அடிக்கும்.

சத்தம் தொடங்கியபோது நான் முதலில் ஆயிலைத்தான் சந்தேகித்தேன். வண்டிக்கு வயதாகிவிட்டது, கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும் என்று நினைத்து, 10டபிள்யூ-30 ஆயிலை வடித்துவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றினேன். மறுநாள் காலை விளக்கு மூன்று நொடிக்குப் பதிலாக நான்கு நொடி எரிந்தது. குளிர்ந்த கெட்டி ஆயில், வெறுமையாகிவிட்ட ஃபில்டரை நிரப்பி மேலே போய்ச் சேர இன்னும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது என்பது பிறகு புரிந்தது. மூன்றேகால் லிட்டர் புது ஆயில் வீணானது. அடுத்து ஆயில் பம்ப்பைக் கழற்றிவிடலாமா என்று எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். அவர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பம்ப்பைத் தொடாதீங்க தம்பி. இந்த ஃபில்டர் படுத்தவாக்குல உக்காந்திருக்குதுங்க, ராத்திரியில ஆயில் கீழ எறங்கிருது. முதல்ல அதை அறுத்துப் பாருங்க" என்றார்.

வண்டியில் இருந்தது நான் ஒரு கடையில் 130 ரூபாய்க்கு வாங்கிப் பூட்டிய ஃபில்டர். வெளியே நல்ல பெயின்ட், அழகான பெட்டி. அதைக் கழற்றி வைஸில் பிடித்து ஆக்சா பிளேடால் அறுத்தேன். அது தவறு. உள்ளே காகிதமெங்கும் மினுமினுக்கும் துகள்கள். பேரிங் தேய்ந்துவிட்டது என்றே நம்பி அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. காலையில் ஒரு காந்தத்தை வெள்ளைத் தாளில் சுற்றி அந்தத் துகள்கள்மேல் நகர்த்தினேன், அத்தனையும் ஒட்டிக்கொண்டன. பேரிங்கின் மேற்பூச்சு உலோகம் காந்தத்தில் ஒட்டாது. நான் பார்த்தது என் பிளேடு உதிர்த்த தகரத்தூள். ஃபில்டர் அறுப்பதற்கென்றே, குழாய் வெட்டும் கருவியைப் போல உருளையைச் சுற்றி இறுக்கி இறுக்கித் திருப்பும் ஒரு கட்டர் இருக்கிறது. 1,850 ரூபாய்க்கு அதை வாங்கினேன். அது தூள் உதிர்ப்பதே இல்லை, விளிம்பைச் சுத்தமாகப் பிரித்துத் தருகிறது. ஃபில்டரைத் திறந்து பார்க்க விரும்புகிறவர்கள் ஆக்சா பிளேடைத் தொட வேண்டாம்.

தூள் விஷயம் பொய்யானாலும், அந்த ஃபில்டரில் மெய்யான குறை இரண்டு இருந்தன. திரும்ப வழிவதைத் தடுக்கும் ரப்பர் வால்வு, அதாவது நுழைவுத் துளைகளின் உட்புறத்தை மூடியிருக்கும் வட்டமான கறுப்பு ரப்பர், அப்பளம்போல விறைத்துக் கிடந்தது. விரலால் வளைத்தால் வளைந்த இடத்திலேயே நின்றது, திரும்பவில்லை. அடுத்து, காகித மடிப்பின் ஒரு முனையில் பசை சரியாகப் பிடிக்காமல் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்திருந்தது. அந்த வழியாகப் போகும் ஆயில் வடிகட்டப்படாமலே இன்ஜினுக்குப் போகும்.

பசை விட்டதைப் பார்த்ததும், விடெக்குக்கு ஆயிலைத் திறந்துவிடும் மின்வால்வான சோலினாய்டின் நினைவு வந்தது. ஹெட்டின் ஓரத்தில் மூன்று 10 மில்லிமீட்டர் போல்ட்டுகளில் நிற்கும் அந்தப் பாகத்துக்குப் பின்னால் மெல்லிய கம்பிவலை பதித்த ஒரு ரப்பர் கேஸ்கெட் உண்டு. கழற்றினேன். வலையின் கீழ்ப்பாதியில், பனியன் வேஸ்டிலிருந்து உதிர்ந்த பஞ்சைப் போலப் பழுப்பு நிற இழைகள் ஐந்தாறு படிந்திருந்தன. நடுவில் கடுகளவு பசைத் துணுக்கு ஒன்று. அதை நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதுதான், 130 ரூபாய் ஃபில்டர் என் இன்ஜினின் எந்த இடம்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது விளங்கியது. வலையைப் பெட்ரோலில் கழுவி, புது கேஸ்கெட்டோடு பூட்டினேன்.

இனி ஊகத்தில் வேலை செய்வதில்லை என்று முடிவெடுத்து, ஓர் இயந்திர வகை அழுத்தமானி வாங்கினேன். இணைப்புகளோடு 1,400 ரூபாய். இதிலும் ஒரு தவறு நேர இருந்தது. அழுத்தமானியோடு வந்த இணைப்பு அமெரிக்க அளவு: எட்டில் ஒரு அங்குலம், அங்குலத்துக்கு 27 மரை. ஹோண்டாவின் ஆயில் ஸ்விட்ச் துளையோ பிரிட்டிஷ் அளவு, அங்குலத்துக்கு 28 மரை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றரைச் சுற்றில் கை இறுகியதும் நிறுத்திவிட்டேன். ஸ்பானர் போட்டிருந்தால் அலுமினிய பிளாக்கில் மரை கழன்றிருக்கும். ஹைட்ராலிக் ஹோஸ் விற்கும் கடையில் சரியான இணைப்பு 90 ரூபாய்க்குக் கிடைத்தது. மேலே சொன்ன தொகையில் அதுவும் அடக்கம்.

பழைய ஃபில்டர் வகையிலேயே புதிதாக ஒன்றைப் பூட்டி அளந்தேன். இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் சதுர சென்டிமீட்டருக்கு 1.4 கிலோ, நிமிடத்துக்கு 3000 சுற்றில் 4.1 கிலோ. ஹோண்டாவின் சர்வீஸ் கையேடு, ஆயில் 80 டிகிரியில் இருக்கும்போது ஐடிலில் குறைந்தது 0.7 கிலோவும் 3000 சுற்றில் 3.5 கிலோவும் கேட்கிறது. பம்ப் நன்றாகவே இருந்தது. அண்ணன் சொன்னதுதான் சரி. ஆனால் இரவு முழுக்க நிறுத்தி, காலையில் கிளப்பும்போது முள் எழுவதைக் கைபேசியில் நொடிக்கு 240 படம் என்ற வேகத்தில் பதிவுசெய்து எண்ணினால், 1 கிலோவைத் தொட 3.4 நொடி ஆனது. சூட்டில் எடுத்த அழுத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்த ஃபில்டரைக் குற்றம் சொல்லியிருக்கவே முடியாது.

பிறகு ஒப்பிட ஃபில்டர்கள் வாங்கினேன். ஹோண்டாவின் சொந்த ஃபில்டர் ஒன்று 390 ரூபாய். அதே மரையில் பெரிய உடலும், அடியில் ஸ்பானர் பிடிக்கவும் பாதுகாப்புக் கம்பி கட்டவும் நட்டு பற்றவைத்ததுமான இறக்குமதி பந்தய வகை ஒன்று 1,650 ரூபாய். இரண்டையும் மலிவு ஃபில்டரையும் சமையலறைத் தராசில் வைத்தேன். மலிவு 212 கிராம், ஹோண்டா 268 கிராம். பெரியதை இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

வாங்கும்போது ஒரு கடைக்காரர், "இதுவும் அதே மரைதான், இன்னும் பெருசு" என்று வேறொரு ஃபில்டரை நீட்டினார். வெர்னியர் கையில் இருந்ததால் தப்பித்தேன். சிட்டியில் ஃபில்டர் ஏறும் மரைத்தண்டான ஸ்டட் 20 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளி. அவர் கொடுத்தது முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 16 மரை. அது என் ஸ்டட்டில் ஏறாது. வலுக்கட்டாயமாக ஏற்றினால் ஸ்டட் கெடும். ஆனால் இதன் மறுபக்கம்தான் பெரிய ஆபத்து. முக்கால் அங்குல ஸ்டட் உள்ள வண்டியில் 20 மில்லிமீட்டர் ஃபில்டர் தளர்வாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். இறுகியது போலவே தோன்றும். அதிக சுற்றில் அழுத்தம் ஏறும்போது பிடுங்கிக்கொண்டு போகும். விட்டம், மரை, கேஸ்கெட்டின் உள் வெளி விட்டம் ஆகிய மூன்றையும் அளக்காமல் எந்த மாற்று ஃபில்டரையும் பூட்டக் கூடாது.

வால்வு சோதனைக்கு நானே ஒரு முறையை அமைத்துக்கொண்டேன். லேத் பட்டறையில் 200 ரூபாய் கொடுத்து 20க்கு 1.5 மரையில் ஒரு போல்ட்டும் வாஷரும் கடைந்து வாங்கினேன். ஃபில்டரில் ஆயிலை நிரப்பி, நடுத்துளையைப் போல்ட்டால் அடைத்து, கவிழ்த்து அளவுக்குடுவையின்மேல் வைத்தால், சுற்றியுள்ள சிறு துளைகள் வழியாக எவ்வளவு கசிகிறது என்று பார்க்கலாம். முதல் நாள் மலிவு ஃபில்டரில்கூட ஒரு சொட்டும் விழவில்லை. என் முடிவெல்லாம் தப்போ என்று குழம்பினேன். தப்பு சோதனையில் இருந்தது: காற்று உள்ளே போக வழியில்லாததால் ஆயில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஃபில்டரின் அடிக்குமிழில், கவிழ்த்தால் மேலே வரும் இடத்தில், 2 மில்லிமீட்டர் துளை போட்டதும் உண்மை வெளிப்பட்டது. மலிவு ஃபில்டர் இருபது நிமிடத்தில் வெளிப்பக்க ஆயிலை முழுக்கக் கக்கிவிட்டது. ஹோண்டா ஃபில்டர் இரவு 9 மணியிலிருந்து காலை 9 மணிவரை 4 மில்லிலிட்டர்தான் விட்டது. இது படுத்த நிலையில் இருக்கும் ஃபில்டருக்கு முதன்மையான சோதனை என்பது என் உறுதியான கருத்து. அடி மேலாக நேரே நிற்கும்படி ஃபில்டர் அமைந்த வண்டிகளுக்கும் இது பொருந்தும். வாய் மேலே பார்க்கத் தொங்கும் ஃபில்டர் உள்ளவர்கள் இதற்கு இத்தனை கவலைப்பட வேண்டியதில்லை.

சோதித்த இரண்டையும் அறுத்து, காகிதத்தைப் பிரித்து வெள்ளை டைல்ஸின்மேல் விரித்தேன். மலிவில் 34 மடிப்புகள். ஒவ்வொரு மடிப்பும் இருபக்கமும் சேர்த்து 24 மில்லிமீட்டர், உயரம் 52. மொத்தம் ஏறக்குறைய 424 சதுர சென்டிமீட்டர். ஹோண்டாவில் 50 மடிப்புகள், 28 மில்லிமீட்டர், உயரம் 60. 840 சதுர சென்டிமீட்டர். வெளியே ஒரே அளவு டப்பா, உள்ளே பாதிக் காகிதம். பரப்பு குறைந்தால் காகிதம் சீக்கிரம் அடைபடும். குளிர்ந்த ஆயிலில் வண்டியை விரட்டினால் பைபாஸ் வால்வு அடிக்கடி திறந்து, வடிகட்டாத ஆயிலை உள்ளே விடும். பெட்டியில் "20 மைக்ரான்" என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நான் இப்போது பொருட்படுத்துவதில்லை. 20 மைக்ரான் துகளில் 50 சதவீதத்தைப் பிடித்தாலும் அப்படி எழுதலாம், 99 சதவீதத்தைப் பிடித்தாலும் எழுதலாம். ஐஎஸ்ஓ 4548-12 சோதனைப்படி எத்தனை மைக்ரானில் எத்தனை சதவீதம் என்று இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லும் ஃபில்டரிடம் மட்டுமே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

காகிதமும் கட்டுமானமும் கூடுதலாக இருக்கும் என்ற ஆசையில், முதலில் பந்தய வகையைத்தான் பூட்டினேன். இங்கே என் பெரிய தவறு நடந்தது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. அதன்மேல் புதிய வளையம் உட்கார்ந்தது. ஐடிலில் எதுவும் தெரியவில்லை. இரண்டாவது தெருவில் 3000 சுற்றைத் தாண்டியதும் ஆயில் வாடை. நிறுத்திப் பார்த்தபோது ஆக்சில்மேலும், ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சேம்பர்மேலும் ஆயில் வழிந்திருந்தது. உடனே அணைத்ததால் இன்ஜின் பிழைத்தது. ஏறக்குறைய ஒரு லிட்டர் தெருவில் போயிற்று. அதைத் துடைக்க மரத்தூள் வாங்கிவந்து கொட்டிப் பெருக்கினேன். ஃபில்டரைக் கழற்றியவுடன் அதன் வாயைத் திருப்பி, வளையம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பதும், பிளாக்கின் முகத்தைத் துணியால் துடைத்து விரலால் ஒரு சுற்று தடவுவதும் இப்போது என் கைப்பழக்கம்.

சரியாகப் பூட்டிய பிறகு பந்தய ஃபில்டர் 1.2 நொடியில் அழுத்தத்தை எட்டியது. சூட்டில் ஐடிலும் 3000 சுற்றும் பழைய அளவுகளிலிருந்து 0.1 கிலோவுக்கு மேல் மாறவில்லை. அதை அப்படியே கரி டிராக்குக்குக் கொண்டுபோனேன். 2003இல் திறக்கப்பட்ட, பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவரதனின் பெயர் தாங்கிய அந்த 2.1 கிலோமீட்டர் தடத்தில் வளைவுகள் அடுத்தடுத்து வரும். இன்ஜினுக்கு மூச்சுவிட நேரம் குறைவு. ஒரு நீண்ட வளைவில் முள் 4 கிலோவிலிருந்து 2.5க்கு இறங்கி ஏறியது. ஃபில்டர்மேல் பழிபோட்டு, உள்ளே வந்து டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன். ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருந்தது. மேல் குறிவரை நிரப்பியதும் அந்தச் சரிவு மறைந்தது. சேம்பரில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, உறிஞ்சுகுழாய் காற்றை இழுத்திருக்கிறது. இதற்கு எந்த விலை ஃபில்டரும் மருந்தல்ல.

வீட்டுக்கு வந்து அடியில் பார்த்தபோது பந்தய ஃபில்டரின் தோளில், இன்டேக் மேனிஃபோல்டின் தாங்கி உரசி, பெயின்ட் போன ஒரு நகக்கீறல் அளவுத் தடம் இருந்தது. நிறுத்திய நிலையில் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது உண்மைதான். ஆனால் 23 ஆண்டுப் பழைய மவுண்டிங்குகளில் இன்ஜின் ஆடும்போது அந்த 4 மில்லிமீட்டர் போதவில்லை. ஃபில்டரின்மேல் குற்றமில்லை. அளந்து பார்த்தால் அது மூன்றிலும் மேலானது: 56 மடிப்புகள், 1,310 சதுர சென்டிமீட்டர், இரவு முழுக்கக் கசிந்தது 2 மில்லிலிட்டர். இந்த இன்ஜின் அறையில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான். தகரம் தேய்ந்து ஓட்டையாகும் அபாயத்தோடு என்னால் ஓட்ட முடியாது.

ஆகவே ஹோண்டாவின் 390 ரூபாய் ஃபில்டருக்கு வந்தேன். அதன் உடலில் 1 முதல் 8 வரை எண்கள் அச்சிட்டிருப்பார்கள். வளையத்தில் ஆயில் தடவி, பிளாக்கில் தொட்டு உட்கார்ந்த இடத்தில் எந்த எண் தெரிகிறதோ அதிலிருந்து ஏழு எண்கள் திருப்பினால் போதும். கையேட்டின் 22 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வந்துவிடும். ஃபில்டர் படுத்திருப்பதால் முழுக்க நிரப்பிப் பூட்ட முடியாது. பாதி நிரப்பி, காகிதம் குடிக்கும்வரை ஐந்து நிமிடம் வைத்து, பிறகு பூட்டுகிறேன். பிறகு பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரம் தரும் மெயின் ரிலேயைக் கழற்றிவிட்டு, இன்ஜின் பிடிக்காமல் ஐந்து ஐந்து நொடியாக இரண்டு முறை ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் முள் எழும். அதன்பின் ரிலேயைப் போட்டுக் கிளப்பலாம். காலையில் எடுத்த அளவு 1.1 நொடி.

5,000 கிலோமீட்டரும் இரண்டு டிராக் நாட்களும் ஓடிய பிறகு அந்த ஃபில்டரையும் கழற்றிச் சோதித்தேன். 12 மணி நேரத்தில் 9 மில்லிலிட்டர் கசிந்தது. புதிதில் 4 விட்டிருந்த வகை. ரப்பர் இன்னும் வளைந்து திரும்புகிறது, ஆனால் முன்பிருந்த மென்மை இல்லை. காகிதத்தை வைஸில் பிழிந்து காலை வெயிலில் விரித்தபோது, மடிப்புகளின் அடியில் மூன்று நான்கு இடங்களில் மட்டும் ஊசிமுனை அளவு வெள்ளி மினுக்கம், காந்தத்துக்கு வரவில்லை. இத்தனை வயதான, விரட்டப்பட்ட இன்ஜினுக்கு இது கவலைப்படும் அளவல்ல என்று அண்ணனும் சொன்னார். 10,000 கிலோமீட்டர்வரை ஒரே ஃபில்டரை ஓட்டும் எண்ணம் அத்தோடு போனது.

ஐந்து புது ஃபில்டர்கள், கட்டர், அழுத்தமானி, லேத் கூலி எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய் ஆனது. வீணான ஆயில் தனி. மறுபடி செய்வதாக இருந்தால் அழுத்தமானியைத்தான் முதலில் வாங்குவேன். 20டபிள்யூ-50 ஆயிலுக்குக் கொடுத்த பணம் மிஞ்சியிருக்கும். பெரிய ஃபில்டருக்கு ஆசைப்படுவதற்கு முன், அதே விட்டத்தில் ஒரு காலி டப்பாவை வைத்து, ஒருவரை கிளட்ச்சை விட்டுப் பிடிக்கச் சொல்லி, இன்ஜின் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்திருப்பேன். அடுத்த வேலை சேம்பருக்குள் தடுப்புத் தகடு பற்றவைப்பது. அதற்கான பழைய சேம்பர் ஒன்றை அண்ணன் தேடிக்கொண்டிருக்கிறார். இப்போது பூட்டியிருக்கும் ஃபில்டரின்மேல் மார்க்கர் பேனாவால் 1,62,340 என்று எழுதியிருக்கிறேன். 1,67,000இல் கழற்றி அறுப்பேன்.